வேட்டைக்குப் போறவன் மூட்டை

நமீபியாவுக்குப் போறேன் என்று சொன்னால் நம்ம மக்கள் கேட்கிற முதல் கேள்வி, "அது எங்கய்யா இருக்கு?" ரெண்டாவது கேள்வி, "ஆன்சைட்டா?" இல்லைங்க, வேட்டைக்கு என்று சொன்னால் மூணாவது கேள்வி வருவதில்லை. போன் கட் ஆயிருச்சோன்னு நினைக்கிற அளவுக்கு ஒரு அமைதி வரும். அப்புறம் "சரி, உடம்பப் பாத்துக்க" என்று வைத்துவிடுவார்கள். யாரும் கேட்காத அந்த மூணாவது கேள்வியை நானே கேட்டு, நானே பதில் சொல்லிக்கிறேன். கொஞ்சம் நீளமான பதிவு. காபி, டீ எடுத்துக்கிட்டு உக்காருங்க.

முதலில் ஒரு சின்ன அறிமுகம். டெக்ஸாஸில் பொட்டி தட்டிக் குப்பை கொட்டும் ஆயிரத்தெட்டு பேரில் நானும் ஒருத்தன். பூர்வீகம் விருதுநகர் பக்கம், கரிசக்காடு. வாரத்துக்கு மூணு நாள் கறி திங்கிற குடும்பம். துப்பாக்கியை சினிமாவில் பார்த்ததோடு சரி, பக்கத்து வீட்டுப் பெரியவர் பழக்கமாகும் வரைக்கும். பெரியவருக்கு எழுபது வயசு தாண்டிருச்சு. வருஷா வருஷம் குளிர்காலத்தில் மான்கறி ஒரு பொட்டலம் எங்க வீட்டுக்கு வரும். தங்கமணி அதை மிளகு தூக்கலாப் போட்டு சுக்கா வறுப்பாங்க, அதில் பாதி அவர் வீட்டுக்குத் திரும்பிப் போகும். மனுஷன் நாலு தடவை நமீபியா போய் வந்தவர். அஞ்சாவது தடவை போகும்போது என்னையும் கூப்பிட்டார். "தட்டுல இருக்கிற கறியை உனக்குத் தெரியும். அது தட்டுக்கு வர்ற வழியை ஒரு தடவை பாரேன்" என்றார். ஒரு ராத்திரி முழுக்க யோசித்தேன். சரின்னுட்டேன். வர்ற ஜூனில் கிளம்புறோம்.

சஃபாரின்னா என்னங்க?

சுவாகிலி மொழியில் சஃபாரி என்றால் பயணம், அவ்வளவுதான். அரபியில் இருந்து போன சொல். இந்திப் பாட்டுல எல்லாம் வருமே 'சஃபர்', அதே வேர். வண்டலூர்ல சிங்கம் பாக்குற வேனுக்கும், எங்க ஹெட்மாஸ்டர் போட்டுக்கிட்டு வந்த சூட்டுக்கும் அந்தப் பேரு வந்தது பின்னாடி.

பழைய சஃபாரிகளைப் பற்றிப் படித்தால் தலை சுத்தும். அமெரிக்க ஜனாதிபதி பதவியில் இருந்து இறங்கிய கையோடு தியோடர் ரூஸ்வெல்ட் 1909-ல் கிழக்கு ஆப்பிரிக்காவுக்குக் கிளம்பினார். ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்துக்கு மாதிரிகள் சேகரிக்கிற பயணம். சுமை தூக்க மட்டும் இருநூறு பேருக்கு மேல். அவரும் மகன் கெர்மிட்டும் சேர்ந்து சுட்டது 512 விலங்குகள். ஐநூத்திப் பன்னெண்டு! படிக்கும்போது எனக்கு முதலில் தோன்றியது, எண்ணி எழுதி வைத்தவன் கை என்ன வலி வலித்திருக்கும் என்பதுதான்.

என் கணக்கு ஒன்று. ஒரே ஒரு ஓரிக்ஸ். அதுவும் கிடைத்தால்.

ஓரிக்ஸ் நமீபியாவின் தேசிய விலங்கு. அந்த நாட்டுச் சின்னத்திலேயே இருக்கு. அங்கே ஜெம்ஸ்பாக் என்றும் சொல்வார்கள். சாம்பல் உடம்பு, முகத்தில் கருப்பு வெள்ளை முகமூடி, கம்பி மாதிரி நேராக நிற்கும் ரெண்டு கொம்பு. ஆணுக்கும் உண்டு, பெண்ணுக்கும் உண்டு. தண்ணியே இல்லாத காட்டில் புல்லிலும் கிழங்கிலும் இருக்கிற ஈரத்தை வைத்தே நாள் கணக்கில் ஓட்டிவிடும். கரிசக்காட்டு ஆளான எனக்கு அதைப் பார்த்ததுமே ஒரு சொந்தக்கார உணர்வு வந்தது நிஜம்.

அதையா சுடப் போற, என்று நீங்க கேட்பது காதில் விழுது. வர்றேன்.

கிண்டியிலும் டெக்ஸாஸிலும் வெளிமான்

கிண்டியில், கோடியக்கரையில், வல்லநாட்டில் நாம பார்க்கிற வெளிமான் இங்கே டெக்ஸாஸ் பண்ணைகளில் கூட்டம் கூட்டமாக மேயுது. 1930-களில் கொண்டு வந்து விட்டது. நம்ம ஊர்ல 1972 வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்துக்கு அப்புறம் அதைத் தொட்டால் கம்பி எண்ணணும். சல்மான் கான் 1998-ல் மாட்டிக்கிட்டு கோர்ட்டு கோர்ட்டா ஏறினாரே, அதே மான்தான். இங்கே காசு கட்டினால் சுடலாம். முதல் தடவை இதைக் கேட்டபோது எனக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது.

பெரியவர் இன்னொரு கதை சொன்னார். வட ஆப்பிரிக்காவில் வளைந்த கொம்புள்ள இன்னொரு ஓரிக்ஸ் உண்டு. சொந்தக் காட்டில் அது அடியோடு அழிந்தே போய்விட்டது என்று 2000-ல் அறிவித்தார்கள். அதே காலத்தில் டெக்ஸாஸ் பண்ணைகளில் அது ஆயிரக்கணக்கில் இருந்தது. காரணம், அதைச் சுட காசு கொடுக்க ஆள் இருந்தான், அதனால் வளர்க்க ஆள் இருந்தான். 2016-லிருந்து சாட் நாட்டில் அந்த இனத்தைத் திரும்பக் காட்டில் விட்டு வருகிறார்கள். அபுதாபிக்காரர்கள் பல நாட்டிலிருந்தும் சேர்த்து வளர்த்த மந்தை அது. 2023-ல் 'காட்டில் அழிந்தது' என்ற பட்டியலிலிருந்தே அது வெளியே வந்துவிட்டது.

உடனே "பாத்தியா, வேட்டைதான் காட்டைக் காப்பாத்துது" என்று நான் கொடி பிடிக்கப் போவதில்லை. கென்யா 1977-ல் வேட்டையைத் தடை செய்தது. 1977-க்கும் 2016-க்கும் நடுவில் அங்கே காட்டு விலங்குகள் சராசரியாக 68 சதவீதம் குறைந்துவிட்டதாக ஒரு ஆய்வு சொல்லுது. தடைதான் காரணம் என்று அந்த ஆய்வு சொல்லவில்லை. மக்கள்தொகை, ஆடு மாடு பெருக்கம், மழைக் குறைவு, நிர்வாகக் கோளாறு என்று எல்லாவற்றையும் அடுக்குது. போட்ஸ்வானா 2014-ல் தடை போட்டது, 2019-ல் எடுத்தது. நமீபியா வேறு வழி. 1996-ல் சட்டம் திருத்தி, பொது நிலத்தில் வாழும் கிராமத்து ஜனங்களே கூடி காப்பு நிலம் அமைத்துக்கொள்ளலாம், அங்குள்ள விலங்குகளால் வரும் வருமானமும் அவங்களுக்கே என்று எழுதிவிட்டார்கள். சுத்திப் பார்க்க வருபவன் கொடுக்கும் காசும் அதில் சேரும், வேட்டைக்கு வருபவன் கொடுக்கும் காசும் சேரும். யானை வந்து தோட்டத்தை மிதித்தால் அது யாரோட யானை என்ற கேள்விக்கு அங்கே ஒரு பதில் இருக்கு. 2024-ல் கடும் வறட்சி வந்தபோது அரசாங்கமே 83 யானை உட்பட 723 விலங்குகளைச் சுட்டு ஜனங்களுக்குக் கறி கொடுக்கப் போவதாக அறிவித்தது. வெளியே இருந்து பார்த்தவங்க கொதித்தார்கள். பசித்தவன் என்ன சொன்னான் என்று கேட்டவங்க கம்மி.

சரி தப்பு பட்டிமன்றத்தை இதோட விட்டுடறேன். ஏன்னா, இந்த வாதத்தில் எல்லாம் நான் ஜெயித்தாலும் ஒரு கேள்விக்குப் பதில் இல்லை.

மகள் கேட்டது

எங்க வீட்டு இளவரசிக்கு ஒன்பது வயசு. விஷயத்தை அவளிடம் மறைக்கக் கூடாது என்று நானும் தங்கமணியும் பேசி வைத்திருந்தோம். படத்தைக் காட்டி, இதான், இதைத்தான் என்று சொன்னேன். அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை. கொஞ்ச நேரம் அந்தப் படத்தையே பார்த்துவிட்டு, "அப்பா, சரியா படலைன்னா அது எங்க போகும்?" என்றாள்.

பொளேர்னு இருந்தது. ஆறு மாசமாக நான் செய்கிற எல்லாமே இந்த ஒரு கேள்விக்கான பதில்தான். மூட்டையில் என்னென்ன எடுத்துட்டுப் போறே என்று கேட்டால் பூட்ஸ், தொப்பி, பைனாகுலர் என்று அடுக்கலாம். நிஜமான மூட்டை இதுதான்.

2015-ல் ஜிம்பாப்வேயில் சிசில் என்ற சிங்கத்தைக் கொன்றபோது உலகமே கொந்தளித்ததே, நினைவிருக்கா? சிங்கம், அதுக்கொரு பேரு, ஆராய்ச்சிக்காரங்க மாட்டிய காலர், எல்லாம் சேர்ந்து செய்தியாச்சு. எனக்கு அதில் உறைத்தது வேற. முதல் அம்பு பட்ட பிறகு அது பல மணி நேரம் உயிரோட இருந்தது. அந்தப் பல மணி நேரம்தான் என் மகளோட கேள்வி.

கென்னத் ஆண்டர்சன் புத்தகங்கள் படித்தவங்களுக்குத் தெரியும். ஜவளகிரி, தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டி என்று நம்ம ஓசூர்ப் பக்கத்துக் காடெல்லாம் அதில் வரும். சின்ன வயசில் படித்தபோது புலி எப்ப விழும் என்றுதான் பக்கத்தைப் புரட்டினேன். இப்ப எடுத்துப் படித்தால் வேறொன்று கண்ணில் படுது. காயம்பட்ட மிருகத்தை விட்டுட்டு வரக்கூடாது. தேடிப் போய் முடித்தே ஆகணும். அது வீரத்துக்காக இல்லை, கடன்.

துப்பாக்கியும் ஊத்தப்பமும்

டெக்ஸாஸில் 1971 செப்டம்பர் 2-க்கு அப்புறம் பிறந்தவங்க வேட்டைக்குப் போகணும்னா வேட்டைக் கல்விப் பாடம் படித்துத் தேறணும். நானும் உக்காந்து படித்தேன். பாதிப் பாடம் எப்ப சுடக்கூடாது என்பதுதான். எந்தத் துப்பாக்கியும் குண்டு போட்டதாகவே நினை. சுட நினைக்காத எதன் மேலும் குழலைத் திருப்பாதே. குறிக்குப் பின்னாடி என்ன இருக்குன்னு தெரியாமல் சுடாதே. தயாராகும் வரை விரல் விசைக்கு வெளியே இருக்கட்டும்.

அப்புறம் துப்பாக்கி. தேர்ட்டி ஆட் சிக்ஸ் என்று ஒரு ரகம், 1906-ல் அமெரிக்க ராணுவத்துக்காக வந்தது. இன்னிக்கும் பாதி வேட்டைக்காரன் கையில் அதுதான். அதோட குண்டு 180 கிரெய்ன், நம்ம கணக்கில் கிட்டத்தட்ட ஒன்றரைப் பவுன் எடை. நமீபியாவில் எந்த விலங்குக்கு எவ்வளவு விசையுள்ள துப்பாக்கி வேணும் என்று சட்டமே இருக்கு. ஸ்பிரிங்பாக் என்கிற சின்ன மானுக்கு குறைந்தது 1,350 ஜூல். ஓரிக்ஸ், குடு மாதிரி பெரியவற்றுக்கு 2,700 ஜூல். யானை, காட்டெருமைக்கு 5,400. தேர்ட்டி ஆட் சிக்ஸ் ஏறத்தாழ 3,900 ஜூல் தரும், போதும். இந்தச் சட்டம் சுடுபவனோட வசதிக்காகப் போட்டது இல்லை. சின்னத் துப்பாக்கியால் பெரிய உடம்பைத் துளைக்கப் பார்த்து, அது காயத்தோட ஓடக் கூடாது என்பதற்காக.

நான் துப்பாக்கி வாங்கவில்லை. பண்ணையிலேயே வாடகைக்குக் கிடைக்கும். பெரியவர் தன்னுடையதைக் கொண்டு போகிறார். அதற்கு அமெரிக்கச் சுங்கத்தில் 4457-ம் எண் படிவம், பூட்டுப் போட்ட பெட்டி, தோட்டா தனியே, அதுவும் 5 கிலோவுக்கு மேல் விமானத்தில் ஏற்ற மாட்டான், இப்படி ஒரு பாடு. எனக்கு அந்தத் தலைவலி இல்லை. ஆனால் பழக வேண்டியது அதே ரகத்தில் என்பதால் ஆறு மாசமாக சனிக்கிழமை காலையில் அவரோட துப்பாக்கியைத் தூக்கிக்கிட்டு பயிற்சித் திடலுக்குப் போறோம்.

மேஜையில் மணல் மூட்டை வைத்து, உக்காந்து சுட்டால் யாரும் நல்லா சுடலாம். காட்டில் மேஜை கிடையாது. அங்கே மூணு கால் குச்சி ஒன்றை முன்னாடி ஊன்றுவார்கள், அதில் குழலைச் சாய்த்து, நின்றபடியே சுடணும். நடந்து வந்த மூச்சிரைப்பு இருக்கும், நெஞ்சு டிரம்ஸ் வாசிக்கும். அதனால் என் பயிற்சி இப்படி: ஐம்பது அடி ஓடி வர்றது, குச்சியை ஊன்றுறது, மூச்சைப் பாதி விட்டு நிறுத்துறது, ஒரே ஒரு குண்டு. திரும்ப முதல்லேருந்து.

குறி, ஆறு அங்குலப் பேப்பர் தட்டு. சின்ன ஊத்தப்பம் சைஸ். ஓரிக்ஸின் நெஞ்சுக்கூட்டில் உயிர்நிலை இதைவிடப் பெரியது, ஆனால் பெரியவர் கணக்கு கறார். "எந்தத் தூரத்துல பத்துக்குப் பத்தும் தட்டுக்குள்ள விழுதோ, அதுதான் உன்னோட தூரம். பத்துக்கு ஒன்பதுன்னா அது உன்னோட தூரம் இல்ல" என்பார். பத்துக்கு ஒன்பது எடுத்தால் எங்க பள்ளிக்கூடத்தில் கையைத் தட்டியிருப்பாங்க. இங்கே அந்த ஒன்றுதான் காயத்தோட ஓடுற ஓரிக்ஸ்.

இன்றைய தேதிக்கு என் தூரம் 120 மீட்டர். அங்கே பல சமயம் 150, 200 மீட்டரில் விலங்கு நிற்கும். நிற்கட்டும். இன்னும் கிட்டப் போகணும், இல்லைன்னா பார்த்துட்டு வரணும்.

எங்கே சுடணும்?

அமெரிக்காவில் மான் வேட்டைக்காரங்க முன்னங்காலுக்குக் கொஞ்சம் பின்னாடி, நெஞ்சின் நடுவில் குறி வைத்துப் பழகினவங்க. ஆப்பிரிக்க விலங்குகளுக்கு இருதயமும் நுரையீரலும் இன்னும் முன்னாடி, இன்னும் கீழே, தோள்பட்டை எலும்புக்கு நடுவிலேயே இருக்கும். அதனால் பழைய பழக்கத்தில் சுடுபவன் குண்டு வயிற்றுப் பக்கம் போய்விடும். கெவின் ராபர்ட்சன் என்ற கால்நடை மருத்துவர், அவரும் ஒரு வேட்டைக்காரர், இதற்காகவே ஒரு புத்தகம் போட்டிருக்கார். ஒவ்வொரு விலங்குக்கும் உள்ளே எலும்பு எங்கே, ஈரல் எங்கே என்று படம் போட்டு விளக்கியிருப்பார். பெரியவர் எனக்குச் சொன்ன சூத்திரம் சுலபம்: விலங்கு பக்கவாட்டில் நிற்கும்போது முன்னங்காலின் மேல் அப்படியே நேராக ஏறு, உடம்பின் உயரத்தில் மூணில் ஒரு பங்கு வந்ததும் நில்லு. அங்கே.

ராத்திரி சாப்பிட்டு முடித்ததும் ஓரிக்ஸ் படங்களை வைத்துக்கொண்டு எனக்கு ஒரு பரீட்சை நடக்கும். நேரே பார்க்கும் படம், திரும்பி நிற்கும் படம், புல்லுக்குள் பாதி மறைந்த படம். ஒவ்வொன்றிலும் பென்சிலால் புள்ளி வைக்கணும். பத்துப் படத்தில் ஆறுக்குச் சரியான விடை, 'சுடாதே'. பரீட்சை நடத்துவது யாருன்னு நினைக்கிறீங்க? மகள்தான். படு ஸ்ட்ரிக்ட்.

இன்னொரு பாடம். நம்ம வல்வில் ஓரி கதை தெரியுமில்லே? புறநானூறில் வன்பரணர் பாடியது. கொல்லிமலைக்காரர் விட்ட ஒரே அம்பு யானையைத் துளைத்து, புலியைத் துளைத்து, மானைத் துளைத்து, காட்டுப்பன்றியைத் துளைத்து, கடைசியில் புற்றில் இருந்த உடும்பில் போய் நின்றதாம். இன்னிக்கு நமீபியாவில் ஓரி இதைச் செய்திருந்தால் கூட வந்த வழிகாட்டி தலையில் அடித்துக்கிட்டு அஞ்சுக்கும் பில் நீட்டியிருப்பார். :-) விளையாட்டு இல்லைங்க, குண்டு ஒரு உடம்புக்குள் புகுந்து மறுபக்கம் வெளியேறி பின்னாடி நிற்கும் இன்னொன்றைக் காயப்படுத்துவது நிஜமாவே நடக்கும். கூட்டத்துக்கு நடுவில் நிற்கும் விலங்கைச் சுடக்கூடாது. அது தனியா ஒதுங்கும் வரை குச்சியில் துப்பாக்கியை வைத்தபடி காத்திருக்கணும். பத்து நிமிஷம் ஆனாலும் சரி, கை மரத்துப் போனாலும் சரி. (ஓரிக்கும் ஓரிக்ஸுக்கும் சம்பந்தம் எதுவும் இல்லை. கண்டுபிடிச்சே தீருவேன்னு யாரும் கிளம்பிடாதீங்க.)

ஒரு சொட்டு ரத்தம்

நமீபியாவில் வெளிநாட்டுக்காரன் தன்னிஷ்டத்துக்குக் காட்டுக்குள் போய்ச் சுட முடியாது. உரிமம் பெற்ற வழிகாட்டி கூடவே இருக்கணும். அரசாங்க அனுமதிச் சீட்டு முன்கூட்டியே வாங்கியிருக்கணும். பருவம் பிப்ரவரி 1-லிருந்து நவம்பர் 30 வரை. ராத்திரி வேட்டை கிடையாது. செலவு ரெண்டு வகை. தங்குவதற்கும் வழிகாட்டிக்கும் நாள் கணக்கு ஒன்று, சுடும் விலங்குக்குத் தலைக்கு இவ்வளவு என்று இன்னொன்று.

இதில் எனக்கு ரொம்பப் பிடித்த விதி ஒன்று உண்டு. தரையில் ஒரு சொட்டு ரத்தம் விழுந்தால் அந்த விலங்கு உன்னுடையது. கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் முழுக் காசையும் கட்டணும். சண்டை போட முடியாது. உன் வேட்டை அதோட முடிந்தது. மீதி நாள் முழுக்க அதைத் தேடுவதுதான் வேலை. காலடி பார்ப்பவர்கள் முன்னே போவார்கள். புல்லில் மடிந்த நுனி, மணலில் இழுபட்ட குளம்பு, இலையில் காய்ந்த பொட்டு என்று நம்ம கண்ணுக்கு ஒன்றுமே தெரியாத இடத்தில் அவங்க படிச்சுக்கிட்டே நடப்பாங்களாம். சில பண்ணைகளில் இதற்கென்றே சின்ன டெரியர் நாய்கள் இருக்கு. எங்க தாத்தா காலத்தில் சிப்பிப்பாறை நாய்கள் முயல் பின்னாடி ஓடின கதை எல்லாம் கேட்டு வளர்ந்தவனுக்கு இந்த நாய்களைப் பார்க்க ஆசை. வேலை செய்யாமல் படுத்துத் தூங்கும் நிலையில் பார்க்க ஆசை.

கறி? அமெரிக்காவுக்குக் கொண்டு வர முடியாது. பண்ணையிலும், அங்கே வேலை செய்பவர்கள் வீட்டிலும், உள்ளூர்க் கடையிலும் போய்ச் சேரும். கொஞ்சம் பில்டாங் ஆகும். பில்டாங் என்றால் வேற ஒன்றுமில்லை, நம்ம உப்புக்கண்டம்தான். உப்பு, வினிகர், வறுத்துப் பொடித்த கொத்தமல்லி விதை தடவி காற்றில் தொங்கவிடுவார்கள். கொத்தமல்லி வாசனையோட உப்புக்கண்டம் என்றதும் தங்கமணியே "ஏங்க, கொஞ்சமாச்சும் கொண்டு வர முடியாதா?" என்றார்கள்.

கொம்பு? "பூஜை ரூம் இருக்கிற வீட்டுல செத்த தலை மாட்டக் கூடாது" என்று மேலிடத்து உத்தரவு. எனக்கும் அதில் ஆசையில்லை. அதனால் பெரிய கொம்பு தேடிப் போகவில்லை. மந்தையிலிருந்து கழிக்க வேண்டிய வயசான பெட்டை ஒன்று, வழிகாட்டி காட்டுவது மட்டும் என்று பேசி வைத்திருக்கோம். அதற்குக் காசும் கம்மி.

இதர சாமான்கள்

யாராவது போகிற திட்டத்தில் இருந்தால் உபயோகப்படும், வேகமா சொல்லிடறேன். ஜூன், ஜூலை அங்கே குளிர்காலம். விண்ட்ஹூக் நகரமே 1,600 மீட்டருக்கு மேல் உயரத்தில் இருக்கு. விடியற்காலையில் திறந்த வண்டியில் போனால் பல் தந்தியடிக்கும், மத்தியானம் டி-ஷர்ட் போதும். அதனால் கழற்றிக் கழற்றி வைக்கிற மாதிரி உடுப்பு. காக்கி, பச்சை, மண் நிறம். ராணுவப் புள்ளிச் சட்டை வேண்டாம், ஜிம்பாப்வே மாதிரி சில நாடுகளில் சாதாரண ஜனங்க அதைப் போடுவதே குற்றம். தினமும் துவைத்துக் கொடுத்துவிடுவார்கள், மூணு செட் போதும்.

பூட்ஸ் புதுசா வாங்கி நேரே போட்டுக்கிட்டுப் போகக் கூடாது. நான் மூணு மாசமா அதைப் போட்டுக்கிட்டுத்தான் காய்கறி வாங்கப் போறேன். கடையில் ஒரு மாதிரிதான் பார்க்கிறாங்க. மலேரியா வடக்குப் பக்கம்தான் தொல்லை, நடு நமீபியாவில் குறைவு. இருந்தாலும் பயண மருத்துவரைப் பார்த்துட்டுத்தான் போகணும். உண்ணி கடிக்கும், சாயங்காலம் உடம்பைச் சோதிக்கணும். அங்கே குடு மான்களுக்கு வெறிநோய் வந்திருக்கு, அதனால் சாதுவாகக் கிட்ட வந்து நிற்கும் குடுவைத் தொட்டுத் தடவிக் கொடுக்கக் கூடாது. அமெரிக்க பாஸ்போர்ட்காரங்களுக்கும் 2025 ஏப்ரல் முதல் விசா வேணும். பண்ணையிலிருந்து ஆஸ்பத்திரி ரொம்ப தூரம் என்பதால், அவசரத்துக்குத் தூக்கிக்கிட்டுப் போகிற காப்பீடு கட்டாயம்.

அம்மாவும் பெரியப்பா அரிவாளும்

கடைசியாக, நான் தள்ளிப் போட்டுக்கிட்டே வந்த வேலை. அம்மாவிடம் சொல்வது.

"ஏய்யா, ஊருல இல்லாத கறியாய்யா? எதுக்குய்யா அம்புட்டு தூரம் போயி இந்தப் பாவம்?"

"நாம ஞாயித்துக்கெழமை திங்கிறது பாவம் இல்லையாம்மா?"

"அது வெட்டுறவனோட போயிரும்."

அம்மா சொன்னது சாதாரணமா. எனக்குத்தான் தூக்கம் வரவில்லை. நாப்பது வருஷமா என் பங்கை யாரோ பேர் தெரியாத ஒரு வெட்டுறவன் கணக்கில் எழுதிக்கிட்டு வந்திருக்கேன். ஒரு தடவையாவது என் கணக்கில் நானே எழுதிப் பார்க்கணும். நான் போவதற்கு என்னிடம் இருக்கிற ஒரே நேர்மையான காரணம் இதுதான். காட்டைக் காப்பாத்துறேன், ஜனங்களுக்குக் காசு போகுது என்பதெல்லாம் அதற்குப் பிறகு.

அடுத்த வாரம் அம்மாவே போன் பண்ணினார்கள். எங்க குலசாமி கோவில்ல பெரியப்பாதான் கெடா வெட்டுவார். கொடைக்கு ஒரு வாரம் முன்னாடியிருந்தே விரதம். அரிவாளை வேற யார் கையிலும் கொடுக்காமல் தானே சாணை பிடிப்பார், முடியை வைத்து வெட்டிப் பார்ப்பார். அன்னிக்குக் காலையிலிருந்து யாரோடயும் பேச மாட்டார். ஒரே வெட்டு. ரெண்டாவது வெட்டு விழுந்தால் அந்த வருஷம் ஊருக்கே ஆகாது என்பார்கள். அம்மா அதை ஞாபகப்படுத்திவிட்டு, "போறதுன்னு முடிவு பண்ணிட்டேன்னா உங்க பெரியப்பா மாதிரி போ" என்று வைத்துவிட்டார்கள்.

நாங்க கெடாவுக்குத் தண்ணி தெளித்து, அது உடம்பைச் சிலிர்த்தால் சம்மதம் சொல்லிருச்சு என்போம். ஓரிக்ஸ் சம்மதம் சொல்லாது. அது என்னிடம் எதையும் கேட்கப் போவதும் இல்லை. அதனால் கேட்க வேண்டிய எல்லாத்தையும் நானே என்னிடம் கேட்டுக்கணும். வழிகாட்டிக்கு மெயில் எழுதியபோது எந்தச் சமயத்தில் நான் சுட மாட்டேன் என்று ஒரு பட்டியல் அனுப்பினேன்:

1. 120 மீட்டருக்கு மேல் நின்றால்.
2. நடந்துகொண்டோ ஓடிக்கொண்டோ இருந்தால்.
3. பின்னாடியோ பக்கத்திலோ இன்னொன்று நின்றால்.
4. கூட குட்டி இருந்தால்.
5. பொழுது சாய்ந்து, தேடுவதற்கு வெளிச்சம் பத்தாது என்று தோன்றினால்.
6. என் கை நடுங்கினால்.

இதையெல்லாம் கழித்தால் சுடவே முடியாமல் திரும்ப வேண்டி வரலாம், பரவாயில்லையா என்று கேட்டிருந்தேன். "இப்படி எழுதி அனுப்புபவர்களைக் கூட்டிக்கிட்டுப் போவதுதான் எனக்கு நிம்மதி. காத்திருக்கத்தான் நான் சம்பளம் வாங்குறேன்" என்று பதில் வந்தது.

இன்னும் பதினோரு சனிக்கிழமை பாக்கி இருக்கு. தூரத்தை 120-லிருந்து கூட்டப் போவதில்லை. அந்த 120-ஐயே மூச்சு வாங்கும்போதும், வெயிலிலும், காத்தடிக்கும்போதும் பத்துக்குப் பத்து ஆக்கணும். நாளைக்குக் காலையில் காத்து பலமா இருக்கும்னு வானிலையில் போட்டிருக்கான். பெரியவர் ரொம்ப சந்தோஷமா இருக்கார்.

டிஸ்கி 1: சைவ நண்பர்கள் திட்டலாம். உங்க கணக்கு சுத்தம், உங்களுக்கு அந்த உரிமை இருக்கு. சிக்கன் 65 சாப்பிட்டுக்கிட்டே திட்டுபவர்கள் மட்டும் வரிசையில் கடைசியா நிக்கவும். :-)

டிஸ்கி 2: போயிட்டு வந்ததும் என்ன நடந்தாலும் எழுதுவேன். சுட்டாலும் எழுதுவேன், சுடாமல் வந்தாலும் எழுதுவேன்.